பழைய கம்மின்ஸும் கொஞ்சம் டீசலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பாப்பாவுக்கு வரன் அமைந்த செய்தி படித்து வீடே சந்தோஷப்பட்டது. தையில் கல்யாணம் என்றால் நான் வராமல் எப்படி? டிக்கெட் விலையை உன் தங்கச்சி இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டாள். அம்மாவின் முட்டு வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு வண்டி. 1997 டாட்ஜ் ராம் பிக்கப். சிரிக்காதே. பானெட்டைத் திறந்தால் உனக்குப் பழகிய முகம்தான்: கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. நாமக்கல்லில் உன் பட்டறை வாசலில் நிற்கும் பழைய டாடா 1613-இல் இருக்கிறதே ஜாம்ஷெட்பூர் கம்மின்ஸ், அதன் உடன்பிறப்பு. லாரிக்குப் போடுகிற இன்ஜினை இந்த அமெரிக்காக்காரர்கள் பிக்கப்பில் போட்டு ஓட்டுகிறார்கள். இன்ஜினுக்கு டீசல் அடிக்கிற பம்ப் பாஷ் பி7100 இன்லைன். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. நீ கண்ணைக் கட்டிக்கொண்டே பிரிப்பாய்.

கியர்வண்டி என்பதால் கம்பெனியிலிருந்து வரும்போது 215 குதிரைத்திறன். பின்னால் மூன்று டன் டிரெய்லர் கட்டி டென்வரிலிருந்து மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை வரைக்கும் ஏற்றம்தான். உயரம் ஏறக்குறைய 3,400 மீட்டர். கொல்லிமலை போல 70 கொண்டை ஊசி வளைவு கிடையாது, நேர்ச்சாலைதான். ஆனால் அங்கே காற்றே இல்லை. கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லாரிகளுக்குப் பின்னால் மூன்றாம் கியரில் ஊர்ந்து போய் வெறுத்துவிட்டேன்.

வேலையிடத்தில் ஒருவன் சொன்னான், ஃபியூயல் பிளேட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளு, அரை மணி நேர வேலை, எருமையெல்லாம் குதிரையாகிவிடும் என்று. பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் கம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுத்து நிற்கும் இரும்புத் தகடு அது, உனக்குத் தெரியாததா. ஒரு ஞாயிற்றுக்கிழமை தள்ளிவிட்டேன். சமதரையில் சும்மா பறந்தது! அடுத்த வாரம் டிரெய்லரோடு ஏறினால், கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைக் காணோம். செங்கல் சூளை போலப் புகை. வேண்டுமென்றே டீசல் புகை விடுகிறவனுக்கு 2017-லிருந்து இந்தக் கொலராடோ மாநிலத்தில் 100 டாலர் அபராதம். நான் வேண்டுமென்று விடவில்லை என்று போலீஸ்காரரிடம் எந்த மொழியில் சொல்வது?

அப்போதுதான் நீ அந்த நாளில் சொன்னது ஞாபகம் வந்தது. "டீசல் ஊத்தறது பெரிய வித்தையில்லடா, அதை எரிக்கறதுதான் வித்தை." அதற்கப்புறம்தான் புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் வாங்கினேன். புத்தி வந்த வரிசையைப் பார்! இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு மாட்டினேன். டர்போவுக்குப் பின்னால் மாட்டினால் சூடு குறைத்துத்தான் காட்டும், மனசுக்கு இதம், பிஸ்டனுக்கு ஆபத்து. அதே ஏற்றத்தில் முள் 1,400 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. தொடர்ந்து ஏறும்போது 1,250-க்கு மேல் போகக்கூடாது என்பது இங்குள்ளவர்களின் கணக்கு. உன் செல்சியஸில் சுமார் 675. அலுமினிய பிஸ்டன் அதற்குமேல் எத்தனை நிமிடம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஓரம் கட்டி ஆறவிட்டு, வீட்டுக்கு வந்து பிளேட்டைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

பிறகு ஒழுங்காக முதலிலிருந்து ஆரம்பித்தேன். டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி பார்த்தேன், இன்டேக் பத்து தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் இருபது. நாலைந்து கன்னாபின்னாவென்று இருந்தன. டர்போ காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ரப்பர் ஹோஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்து, டர்போ அழுத்தின காற்றில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது. பம்புக்குப் போகிற டீசல் அழுத்தமும் மந்தம். ரிட்டர்ன் பக்கத்து ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, மாற்றினேன். அவ்வளவுதான், பாதிக் குறை தீர்ந்தது. நான் பவர் ஏற்றுகிறேன் என்று நினைத்தது, வண்டி தொலைத்த பவரைத் தேடிக்கொடுத்ததுதான்.

அப்புறம்தான் பிளேட்டை மறுபடி தொட்டேன், இந்த முறை நூலளவு. டர்போ காற்று வரும்வரை டீசலைக் கட்டுப்படுத்தி வைக்கும் டயாப்ரம் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இறுக்கினேன், காற்று வந்தபிறகு டீசல் வரட்டும் என்று. புகை நின்றது. ஏற்றத்தில் முள் 1,200-ஐச் சுற்றி நிற்கிறது. முன்பைவிட ஒரு கியர் மேலே ஏறுகிறேன். டர்போ பழையதேதான், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் கை வைக்கவில்லை. அதைக் கழற்றிவிடு என்று சொல்ல ஆள் நிறைய உண்டு, சட்டப்படி குற்றம், எனக்குத் தேவையும் இல்லை.

ஒரு விஷயம் உனக்குச் சுவாரசியமாக இருக்கும். இந்த இன்ஜினில் டைமிங் கியர் கேஸில் சின்னதாக ஒரு டவல் பின், கேஸைச் சரியான இடத்தில் பொருத்தி வைக்கும் இரும்பு முளை, இருக்கிறது. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து வெளியே நகர்ந்து கியருக்குள் விழுந்தால், இன்ஜின் கதை முடிந்தது. பவர் ஏற்றுகிறவன் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான், பார்க்கிறவன் குறைவு. கவரைத் திறந்தால் என் வண்டியில் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தட்டிவிட்டு, போல்ட்டுக்கு அடியில் ஒரு பட்டை வைத்து அடைத்தேன். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன். டாடா கம்மின்ஸிலும் இந்தப் பின் விழுந்து நீ பார்த்திருக்கிறாயா?

கிளட்ச் ஐந்தாம் கியர் ஏற்றத்தில் லேசாக நழுவுகிறது. இனிமேல் டீசல் ஏற்றினால் அது முதலில் போகும், எனவே இத்தோடு நிறுத்தம். ஏறுவதைவிட இப்போது இறங்குவதுதான் கவலை. புகை போகும் வழியை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட நினைக்கிறேன். அதற்கு முதலில் வால்வு ஸ்பிரிங்கைக் கெட்டியானதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள், இல்லையென்றால் பின்னழுத்தத்தில் எக்ஸாஸ்ட் வால்வு தானாகத் திறந்துகொள்ளுமாம். நீ லாரிகளில் எத்தனை மாட்டியிருக்கிறாய், உன் அனுபவத்தை விவரமாக எழுது.

கல்யாணத் தேதி குறித்ததும் போன் போடு. நடுராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி