மதிப்பெண்ணை உரக்க வாசிக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத் தேர்வில் மாநில, மாவட்ட அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. வகுப்பறைக்குள் அது இன்னும் ஒழியவில்லை. சிலிப் டெஸ்ட் எனப்படும் சிறு தேர்வுகளின் விடைத்தாள்களை முதல் மதிப்பெண்ணில் தொடங்கிக் கடைசி வரை பெயர் சொல்லி வாசித்துக் கொடுப்பதும், அதே பட்டியலைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் பல பள்ளிகளில் இன்றும் நடக்கின்றன.

அதன் விளைவை, வியாசர்பாடியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நான் அன்றாடம் பார்க்கிறேன். பலகையில் விடை வரும்வரை பேனா மூடியைக் கழற்றாதவர்கள் இருக்கிறார்கள்; நான் அருகில் போனால் பாதி போட்ட கணக்கை முழங்கையால் மறைப்பவர்களும் இருக்கிறார்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று ஒரு மாணவி எழுதினால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பிறகு அரையை விடக் குறைவாக எப்படி வரும் என்று கேட்டால், பெரும்பாலும் அவளே யோசிக்கத் தொடங்கிவிடுவாள். தப்பாகிவிடுமோ என்று வெறும் தாளை நீட்டும் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, கணக்கில் நிற்க வேண்டிய கவனம் திட்டு விழுமோ, சிரிப்பார்களோ என்பதிலேயே பாதி செலவாகிவிடுவதால், தெரிந்த வாய்ப்பாடும் அந்த நேரத்தில் மறந்துபோகிறது.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லையே, பிறகென்ன பயம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டிறுதி முடிவு குழந்தைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. வகுப்பே கேட்கத் தன் பெயர் கடைசியாக வாசிக்கப்படுவதுதான் அதைக் கலங்கவைக்கிறது. இதே பிள்ளைகள்தாம் முல்லை நகர் மைதானத்தில் கால்பந்து ஆடும்போது, கைக்கெட்டிய கோலைத் தவறவிட்ட மறுநிமிடமே பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்; அங்கே தவறை யாரும் பெயர் சொல்லி வாசிப்பதில்லை. (தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி மேலிருந்து ஆசிரியர்களுக்குத் தரப்படும் நெருக்கடியையும் நான் அறியாதவன் அல்லன்.)

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மதிப்பெண்ணை வரிசையாக உரக்க வாசிப்பதும் அதில் அடங்கும் என்றே கருதுகிறேன். எனவே, விடைத்தாளை மடித்து அவரவர் கையில் கொடுக்கும்படியும், மதிப்பெண் பட்டியலை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது என்றும் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இதற்குத் தனி நிதியோ புதிய பாடத்திட்டமோ தேவையில்லை. தவறிய கணக்கைத் திருத்திப் போட்டுக் காட்டுவோருக்குப் பாதி மதிப்பெண்ணாவது தரலாம் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை.