எங்களிடம் கூடுதலாக வாங்குங்கள்: சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மயிலாப்பூரில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடை இணைப்பும் உள்ள வீடு எங்களுடையது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் கூடுதலாக வாங்குங்கள், அதை எதற்குச் செலவிடுகிறீர்கள் என்று ஊரறியச் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

மீட்டர் இல்லாத வீட்டுக்கு நெடுங்காலம் மாதம் 50 ரூபாய்தான் தண்ணீர்க் கட்டணம். இப்போது சிறிது சிறிதாக ஏறுகிறது. ஆனால் தினமும் கார் கழுவி, மாடித் தோட்டத்துக்கும் ஊற்றும் வீடும், ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீடும் ஒரே தொகையைத்தான் கட்டுகின்றன. இதோடு, சொத்து வரிக்காக வீட்டுக்குக் கணக்கிடும் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீரகற்று வரி. அதுவும் யார் எவ்வளவு தண்ணீர் செலவழித்தார்கள் என்று பார்ப்பதில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010இல் திறந்தபோது, அந்தத் தண்ணீரை ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 48 ரூபாய் கொடுத்து வாங்க வாரியம் ஒப்பந்தம் செய்திருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் இருபதாயிரம் லிட்டர் ஆகும். அந்த விலையில் அது 960 ரூபாய். வசூலித்தது 50. ஏரித் தண்ணீருக்கு இவ்வளவு செலவில்லை, உண்மைதான். ஆனால் 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோமே. அதற்குப் பிறகு ஊர் மேலும் மேலும் கடலைத்தான் நம்புகிறது. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024இல் வந்துவிட்டது. பேரூரில் நாளொன்றுக்கு நாற்பது கோடி லிட்டருக்கான ஆலை, ஜப்பான் கடனில், நான்காயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தக் கடனை அடைக்கப்போவது யார்?

எங்கள் கட்டணத்தில் விழும் துண்டை அரசு மானியமும் கடனும் அடைக்கின்றன. அரசுப் பணம் என்றால் மாநிலம் முழுக்கக் கட்டும் வரி. ராமநாதபுரத்தில் குடம் ஒன்றுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் பெண்ணும் சோப்பு வாங்கும்போது அந்த வரியைக் கட்டுகிறார். மயிலாப்பூர் வீட்டின் தண்ணீருக்கு அவர் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?

ஊருக்குள்ளேயும் இதே அநியாயம்தான். 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் இன்னும் பல தெருக்களில் சாக்கடைக் குழாய் இல்லை. அங்கிருப்பவர்கள் தனியார் லாரிக்குத் தண்ணீர்க் காசு கொடுத்து, செப்டிக் டேங்க் நிரம்பியதும் கழிவுநீர் லாரிக்கும் கொடுக்கிறார்கள். 'மலிவான கட்டணம் ஏழைக்காக' என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த மலிவு குழாய் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கிறது. வாரியத்தின் கையில் சொந்த மிச்சம் இல்லாததால், புதுக் குழாய் பதிக்க ஒவ்வொரு முறையும் அடுத்த கடனையோ திட்டத்தையோ எதிர்பார்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்புக்குப் பணம் போதாமல் போனால் அடைப்பெடுக்கக் குழிக்குள் மனிதனை இறக்கும் ஆபத்து வருகிறது. அப்படி இறக்குவதை 2013இன் சட்டம் தடுத்த பிறகும் நாடெங்கும் சாவுகள் நிற்கவில்லை. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. அடைப்பெடுக்கும் எந்திரங்களுக்கும், பழைய குழாய்களை மாற்றவும், கழிவுநீர் வருவாயில் ஒரு பங்கை யாரும் தொட முடியாதபடி தனியே ஒதுக்குங்கள்.

வாரியத்தால் முடியாது என்று சொல்லவரவில்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறீர்கள். சாக்கடையிலிருந்து வருமானம் ஈட்டும் இந்த வேலையைப் பெருங்குடிக்கும் நெசப்பாக்கத்துக்கும் விரித்தால், இன்னும் பல தொழிற்சாலைகள் குடிநீரைத் தொட வேண்டியிருக்காது.

எல்லா வீடுகளுக்கும் மீட்டர் வையுங்கள். பெரிய அடுக்குமாடிகளிலும் தனி பங்களாக்களிலும் முதலில் தொடங்குங்கள். குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான அளவு இன்றைய விலையிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் போகிற ஒவ்வோர் ஆயிரம் லிட்டருக்கும் விலை ஏறட்டும். அடுத்த கட்டண அறிவிப்போடு ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொண்டுவர ஆகும் செலவையும், கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவையும், அதில் நாங்கள் கொடுப்பது எவ்வளவு, அரசு கொடுப்பது எவ்வளவு என்பதையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து ஒரு கட்டணதாரர்