சிவப்புப் பொத்தானுக்கும் சந்தாவா?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் காரை வாங்கி மூன்று வருடம் முடிந்தது. கூடவே காரோடு வந்த இலவச இணைய சேவையும் முடிந்தது. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய ஏழு குறுஞ்செய்திகளும் வந்து சேர்ந்தன. ஏன் கட்டவில்லை என்று உங்கள் ஆட்களிடம் போனில் மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் சலுகை விலையில்தான் பேச்சைத் தொடங்கினார்கள். அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். இரவு பதினொன்றரை இருக்கும். கயத்தாறு தாண்டி வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மா. பக்கத்தில் உரசுகிற மாதிரி லாரிகள். ஒவ்வொன்று போகும்போதும் வண்டி ஆடுகிறது. உள்கண்ணாடிக்கு மேலே இருக்கும் சிவப்பு எஸ்.ஓ.எஸ். பொத்தானை, அதாவது அவசர உதவிப் பொத்தானை, அழுத்தினேன். வண்டி விற்ற அன்று, "சார், இது உங்க குடும்பத்துக்கான காவல்" என்று உங்கள் ஷோரூம் பையன் விரலை வைத்துக் காட்டிய அதே பொத்தான். சந்தா காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பதவிசாகச் சொன்னது. நான் திரும்ப அழுத்தினேன். திரும்பவும் அதே.

"அந்தப் புள்ள என்னய்யா சொல்லுது, ஆள் வருதா?" என்று அம்மா கேட்டார். என்ன பதில் சொல்ல? சந்தா முடிந்ததைச் சொல்லத் தெரிந்த வண்டிக்கு ஒரு ஆளைக் கூப்பிடத் தெரியவில்லை.

கடைசியில் அம்மாவின் பழைய பட்டன் போனில் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்தோம். முக்கால் மணி நேரத்தில் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்தது. கூம்புகளை வைத்து, கிரேன் வரவழைத்து, ஓரம் கட்டினார்கள். யாரும் சந்தா கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சிவப்புப் பொத்தானைச் சந்தாவிலிருந்து விடுவியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் புதிய ரகக் கார்களில் அவசர அழைப்பு வசதி கட்டாயம். பெரிய விபத்து நடந்தால் வண்டியே அங்குள்ள அவசர எண்ணான 112-ஐ அழைத்துவிடும். அதற்குக் கட்டணம் கிடையாது.

மற்ற சேவைகளுக்குக் காசு கேட்பதில் எனக்குத் தகராறு இல்லை. வண்டி திருடு போனால் எங்கே நிற்கிறது என்று தெரியும். மகன் எடுத்துப் போனால் எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று தெரியும். அதற்குக் கட்டலாம். ஆனால் வழி காட்டவும் பாட்டுக் கேட்கவும் என் போனே போதும், அதற்கு மாதா மாதம் ரீசார்ஜ் செய்கிறேன். அதே வேலைக்கு வண்டிக்குள் இன்னொரு சிம், இன்னொரு பில் எதற்கு? "சன்ரூஃபைத் திற" என்று தமிழில் சொன்னால் வண்டிக்குப் புரிவதும் இல்லை.

உங்கள் தொழிலின் போக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. 2022-ல் பி.எம்.டபிள்யூ. சில நாடுகளில், வண்டியிலேயே பொருத்தியிருந்த சீட் சூடாக்கியை இயக்க மாதம் 18 டாலர் கேட்டது. ஜனங்கள் கொதித்த பிறகு அடுத்த வருடம் கைவிட்டது. நல்லவேளை, திருநெல்வேலியில் சீட்டைச் சூடாக்க வெயிலே போதும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், வண்டி ஓட்டுகிறவர்கள் எங்கே போகிறார்கள், எப்படிப் பிரேக் போடுகிறார்கள் என்ற விவரங்களைத் தெளிவான சம்மதம் இல்லாமல் விற்றதாக அந்நாட்டு வர்த்தக ஆணையமே 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. என் வண்டியிலிருந்து என்னவெல்லாம் போகிறது என்று உங்களிடம் கேட்டேன். 'நிபந்தனைகளைப் படிக்கவும்' என்று பதில் வந்தது. படித்தேன். புரிந்தது, நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்திருக்கிறேன் என்பது மட்டும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அந்தப் பொத்தான் சந்தா இல்லாமல் வேலை செய்ய வேண்டும். எனக்கு மட்டுமல்ல, உங்கள் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும். முடியாது என்றால், அடுத்த வாரம் சர்வீஸுக்கு விடும்போது அதைக் கழற்றிவிட்டு ஒரு மூடி போட்டுக் கொடுங்கள். அந்த இடத்தில் அம்மா பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருநெல்வேலி