வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு முழுக்கப் புதுமைப்பித்தன் சிறுகதைகளையே வாசித்தோம். தொகுப்புவாரியாக அல்ல, கதைகள் இதழ்களில் வெளியான வரிசையில். முதல் தொகுப்பு வந்தது 1940இல். அவரோ 1934 முதலே மணிக்கொடி இதழில் எழுதிக்கொண்டிருந்தார். தொகுப்பின் ஆண்டைக் கதையின் ஆண்டாகக் கொண்டால் ஆறு வருட வளர்ச்சி ஒரே நாளில் நடந்ததுபோல் ஆகிவிடும்.

கதைக்கு ஓர் அட்டை: தலைப்பு, இதழ், மாதம், ஆண்டு, புனைபெயர், முதல் வரி. முதல் வரியை விடக் கூடாது. தலைப்பு மாறியிருந்தாலும் கதையை அதுதான் காட்டிக்கொடுக்கும். சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயரின் கீழ் மட்டும் தேடினால் பாதி நழுவும். அவர் பெயரில் வந்தவற்றில் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் கதைகளின் தழுவல்களும் உண்டு. அவற்றின் அட்டை மூலையில் 'த' என்று குறித்துத் தனிக் கட்டாக வைத்தோம். கலந்துவிட்டால் நடையைப் பற்றிய எந்த முடிவும் பிசகும். கதைகளின் மூலபாடத்தை ஒப்பிட ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பையே கொண்டோம்.

இந்த வரிசையின் பலன் அகலிகை கதைகளில் பளிச்சென்று தெரிந்தது. 1934இன் 'அகல்யை'யில் கௌதமன் மன்னிக்கிறான், கதை அதோடு அடங்குகிறது. 1943இன் 'சாபவிமோசன'த்தில் சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு, அவன் காலடி பட்டு எழுந்த அகலிகையே மறுபடி கல்லாகிறாள். அதே 1943இல்தான் 'செல்லம்மாள்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைகளும் வந்தன. வேலை பார்த்த தினமணி நாளிதழை விட்டு அவர் வெளியேறியதும் அவ்வாண்டே. பத்திரிகை வேலை எழுத்தைத் தின்றது என்ற வழக்கமான புலம்பலை அட்டைகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை என்பது செயலாளரின் கருத்து, பொருளாளர் உடன்படவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கத்தில் முடிந்தது: 1906 திருப்பாதிரிப்புலியூர், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ., பிறகு சென்னை, கடைசியில் சினிமா. 'ராஜமுக்தி' படத்தின் வசன வேலைக்காகப் புனே போனவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் காலமானார். நூல்கள் 2002இல் நாட்டுடைமையாயின. ஆகவே வாசிப்புப் படிகள் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அட்டைக் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தருக, வரிசையைக் கலைக்காமல்.

செயலாளர்