வலி நேரத்துப் பரிசோதனையை நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த மூட்டுவலிக் கட்டுரை, இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாக இருந்தால் கவுட் எனும் யூரிக் அமில மூட்டழற்சி நோய் இல்லை என்கிறது. இது தவறு. மூட்டை வீங்கச் செய்வது அங்கே ஏற்கெனவே படிந்துள்ள ஊசி வடிவ யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களே. டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமுக்கு மேல் யூரேட் நீடித்திருந்தால் அவை உருவாகும். அப்படிகத்தை மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல் விழுங்கியதும், அதனுள் என்எல்ஆர்பி3 எனும் புரதத் தொகுதி இயங்கி, இன்டர்லூக்கின்-1பீட்டா எனும் அழற்சியைத் தூண்டும் புரதத்தை வெளியேற்றுகிறது (2006-இல் வெளியான முக்கியக் கண்டுபிடிப்பு இது). உடனே நியூட்ரோஃபில்கள் எனும் வெள்ளையணுக்கள் மூட்டுக்குள் திரள்கின்றன. அதே நியூட்ரோஃபில்கள் உமிழும் டி.என்.ஏ. வலைகள் அழற்சிப் புரதங்களைச் சிதைப்பதும், ஓரிரு வாரத்தில் வலி தானாகத் தணிய ஒரு காரணம். படிகமோ அங்கேயே கிடக்கும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது சிறுநீர் வழியே யூரேட் கூடுதலாக வெளியேறுவதால் இரத்த அளவு தாழ்ந்து காட்டக்கூடும். "ரிப்போர்ட் நார்மல்" என்று மருந்தைக் கைவிட்டவர்கள் சில மாதங்களில் அதே பெருவிரல் வீக்கத்துடன் திரும்புவதை மூட்டு நோய்ச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். எனவே வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யுமாறு தாங்கள் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும். மூட்டுநீரில் படிகத்தை நேரடியாகக் காட்டும் முனைவாக்க நுண்ணோக்கியை மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் அரசு நிறுவ வேண்டும்.