ஞாயிறு மாலை பர்கர் சுற்று

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் தொடங்கி, தோட்டப்பாளையம் வழியாகக் காட்பாடி காந்திநகரில் முடிப்போம். எல்லாக் கடையிலும் சாதாரண சிக்கன் பர்கர் மட்டும் சொல்லுங்கள். சீஸ் சேர்ந்தால் பேட்டியின் (பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டமான துண்டு) ருசி மறைந்துவிடும். நாலு பேருக்கு ஒன்று போதும்.

பார்சல் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் ஆவி அடைத்து பன் ஊறிப்போகும். பன்னின் உள்பக்கத்தை முதலில் பாருங்கள்: கல்லில் நன்றாக வாட்டியிருந்தால்தான் சாஸ் இறங்காமல் தாங்கும். பேட்டியின் நடுவில் வேகாத இளஞ்சிவப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததா என்று கட்டாயம் கேளுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமி அபாயத்தால் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்தது.

சைவம் சாப்பிடுபவர்கள், உருளைக்கிழங்கு பேட்டியைத் தனி எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று ஆர்டருக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.