நாளில் தொடங்கும் தேதியால் கலையும் வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வெளியாகும் அறிவிப்புப் பட்டியல்களில் பழைய பதிவும் புதிய பதிவும் முன்பின்னாகக் கலந்து கிடந்தால், நிரலாளரின் கவனக்குறைவு என்றே பலரும் எண்ணுகின்றனர். தகவல்களைக் குறிச்சொற்களிட்டு வைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் சேமித்து, அதைத் திரையில் காட்டும் வடிவுக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் எழுதிய ஸ்டைல்ஷீட் (வடிவமைப்புக் கோப்பு) வழியாகக் காட்டப்படும் பட்டியல்களைப் பொறுத்தவரை, பழியில் பெரும்பங்கு தேதியை எழுதிவைத்த முறையைத்தான் சேரும் என்பது என் கருத்து.

1999 நவம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பில், வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ கட்டளைக்கு எழுத்து, எண் ஆகிய இரு வகைகளே வகுக்கப்பட்டுள்ளன. தேதி என்றொரு வகை இல்லை. வகையைச் சொல்லாவிட்டால் எழுத்தாகவே கொள்ளும். எனவே 15-03-2021, 02-11-2023, 09-07-2024 ஆகியவற்றை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால், முதலில் நிற்கும் நாளையே முதலில் ஒப்பிடுவதால், முதலில் வரவேண்டிய 2021ஆம் ஆண்டுப் பதிவு கடைசிக்குப் போய்விடுகிறது. எண் என்று மாற்றிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இடையில் கோடு போட்ட தேதி எண்ணாக மாறாது என்பதால், எல்லாப் பதிவுகளும் ‘எண் அல்ல’ என்ற ஒரே மதிப்பைப் பெற்று, கோப்பில் இருந்த வரிசையிலேயே வெளிவருகின்றன. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. சோதனைக் கோப்பு தற்செயலாகச் சரியான வரிசையில் அமைந்துவிட்டால், வேலை முடிந்தது என்றே நம்பிவிட நேரும்.

இதற்கு மாற்றுவழி இல்லாமல் இல்லை. எழுத்துத்தொடரின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் ‘சப்ஸ்டிரிங்’ மூலம் 7ஆம் எழுத்திலிருந்து ஆண்டையும், 4ஆம் எழுத்திலிருந்து மாதத்தையும், தொடக்கத்திலிருந்து நாளையும் வெட்டியெடுத்து, அதே வரிசையில் மூன்று சார்ட் கட்டளைகளை அடுத்தடுத்துக் கொடுக்கலாம். ஆனால், யாரேனும் ஒருவர் முன்பூஜ்யத்தை விட்டு 5-3-2021 என்று பதிந்துவிட்டால் அந்த எழுத்துக் கணக்கு முழுவதும் தவறிப்போகும். அப்படிப் பதியாத அலுவலகத்தை நான் கண்டதில்லை.

1988இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதித் தரப்படி 2021-03-15 என ஆண்டை முன்வைத்து எழுதினால், எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடுவதால், ஒரே ஒரு சார்ட் கட்டளை போதும். வாசகருக்குப் பழகிய வடிவில் நாளை முன்னால் காட்டும் வேலையை ஸ்டைல்ஷீட்டே செய்துகொள்ளும். 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0 பதிப்பில் தேதி வகை சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆயினும் அதுவும் ஆண்டில் தொடங்கும் வடிவத்தையே தேதியாக ஏற்கிறது. மேலும், உலாவிகளில் உள்ளமைந்து வந்தது 1.0 மட்டுமே.

ஆகவே, பதிவுகளை எக்ஸ்எம்எல் வடிவில் வெளியிடும் நிறுவனங்கள், உள்ளீட்டுப் படிவத்திலேயே இந்த வடிவத்தைக் கட்டாயமாக்கி, பழைய கோப்புகளையும் ஒருமுறை மாற்றியமைத்துவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்